கல் பேசும், மண் பேசாதா?

புதுக்கோட்டைச் சீமையைக் காண வருகின்ற வெளியூரார், கையிலே ஒரு பட்டியலோடுதான் வருகின்றனர். சித்தன்னவாசல் - தாமரைப் பொய்கை ஓவியம் காண! நார்த்தாமலை - விசயாலய சோழீச்சரம் காண! கொடும்பாளூர் - மூவர் கோயில் காண! குடுமியான்மலை - இசைக் கல்வெட்டு காண! திருமயம் - குன்றை வளைத்து நிற்கும் கோட்டை காண! ஆவுடையார்கோயில் - கல்லை மரமாக்கிய கைத்திறன் காண! காண்கின்றனர், வியக்கின்றனர், படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர்.

நாமும் காண்கிறோம். தமிழனின் உளி படைத்த அழகைக் கண்டு உள்ளம் பூரிக்கிறோம். ஆனால், பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் பணியிலே இருக்கும் நமக்கு, பூரிப்போடு கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. அந்தக் கல்லைச் செதுக்கியவன், மாலையிலே உளியைக் கீழே வைத்த பிறகு எங்கே போனான்? அவன் மனைவி எங்கே உலை ஏற்றினாள்? அவன் குழந்தை எந்தக் கூரையின் கீழ் உறங்கிற்று?

பட்டியல் இதற்கு விடை கூறவில்லை. பாடநூலும் கூறவில்லை. மன்னனின் மெய்க்கீர்த்தியை மனப்பாடம் செய்யச் சொல்லும் வரலாறு, மண் சுவர் எழுப்பியவனைப்பற்றி வாய் திறப்பதில்லை. கல்லுக்கு வரலாறு உண்டு. கல் சுமந்தவனின் வீட்டுக்கு வரலாறு இல்லை! எனவே, தோழர்களே, இன்று கோயிலைவிட்டுச் சற்று விலகி, குடிசையின் பக்கம் செல்வோம்.

இந்தச் சீமையின் மண்ணிலே மிகப் பழைய கட்டுமானங்கள் எவை? பெருங்கற்கால மக்களின் ஈமச் சின்னங்கள். கற்பலகைகளை நிறுத்தி அறை அமைத்து, மேலே மூடுகல் வைத்து, சுற்றிலும் வட்டமாகக் கற்களை அடுக்கி வைத்தனர். சித்தன்னவாசலைச் சுற்றிலும் அவை கிடக்கின்றன. செத்தவனுக்குக் கட்டிய அறை நிற்கிறது. அவன் வாழ்ந்திருந்த வீடு நிற்கவில்லை. இறந்தவர்க்குக் கல், இருந்தவர்க்கு மண்! மண் மண்ணோடு கலந்தது. ஓலை உக்கி உரமாயிற்று. அழிந்துபோனதாலே அது இல்லாமற்போய்விடுமா? கண்ணுக்குத் தெரியும் கல்லை மட்டும் எண்ணுகிறவன், வரலாற்றிலே பாதியைத் தவறவிடுகிறான்.

மண் வீட்டுக்குச் சான்று கூற ஏடுகள் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வழியெங்கும் உள்ள வீடுகளை நிலத்துக்கு ஒன்றாக வருணித்துச் செல்கிறது. ஈந்தின் இலையால் வேய்ந்த குடிலைக் காண்கிறார் புலவர். அதன் கூரை முள்ளம்பன்றியின் முதுகுபோலச் சிலிர்த்து நிற்கிறது என்கிறார். முல்லை நிலத்துச் சிற்றூரைக் காண்கிறார். அங்கே வரகு வைக்கோலால் வேய்ந்த வீடுகள். எங்கே எது விளைகிறதோ, அங்கே அதுவே கூரை! ஈந்து வளரும் இடத்தில் ஈந்து. வரகு விளையும் இடத்தில் வரகு. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே இந்நாட்டு எளிய மக்கள் வகுத்துக்கொண்ட கட்டடக் கலையின் முதல் விதி அது.

மண்ணைத் தோண்டினாலும் சான்று கிடைக்கிறது. அண்டையிலே சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் வெளிப்பட்டன. அங்கே வாழ்ந்தோரின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டுவரை செல்கிறது என்று 2019-இல் தமிழகத் தொல்லியல் துறையின் அறிக்கை கூறிற்று. அந்த ஓடுகளின் ஒரு முனையிலே துளைகள் உள்ளன. எதற்காக? கயிற்றால் மரச் சட்டத்தோடு கட்டுவதற்காக! ஓலையைக் கட்டிப் பழகிய கை, ஓட்டையும் கட்டியது. புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையிலும், 2021-இல் ஓர் அகழாய்வும், 2023 முதல் அரசுத் தொல்லியல் துறையின் அகழாய்வும் நடந்து, செங்கற் கட்டுமானம் வெளிப்பட்டது. ஆக, சுட்ட செங்கல்லைத் தமிழன் அறியாதவனல்லன். அறிந்திருந்தும், ஊரிலே பெரும்பாலோர் மண் சுவருக்குள்ளேயே வாழ்ந்தனரே, ஏன்? இதுதான் நம் கேள்வியின் கரு. அதற்கு விடை தேடுமுன், அந்த மண் வீடு எப்படி எழுந்தது என்று பார்ப்போம்.

"மண் வீடுதானே, அதற்கென்ன கலை?" என்று கேட்போர் உளர். ஒரு சுவரை எழுப்பிப் பார்க்கட்டும், தெரியும்!

முதல் வேலை மண் தேர்தல். எல்லா மண்ணும் சுவராகாது. களி மிகுந்தால் காயும்போது வெடிக்கும். மணல் மிகுந்தால் உதிரும். ஒரு கைப்பிடி மண்ணை நனைத்து, உருட்டி, வெயிலிலே காயவைத்தால் அதுவே உண்மையைச் சொல்லிவிடும். வெடித்தால் மணல் சேர். உதிர்ந்தால் களி சேர். புதுக்கோட்டை வட்டாரத்தின் செம்மண்ணும், குளத்து வண்டலும், கறையான் புற்று மண்ணும் இப்படி அளவறிந்து கலக்கப்பட்டன. ஆய்வுக்கூடம் இல்லை, அளவுக் கருவி இல்லை, ஆனால் ஆராய்ச்சி இருந்தது.

அடுத்து மிதித்தல். மண்ணைக் குழியிலே கொட்டி, நீர் விட்டு ஊறவைத்து, வைக்கோலைத் தூவி, ஆணும் பெண்ணும் காலால் மிதிப்பர். வைக்கோல் எதற்கு? மண், அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. காயும்போது சுருங்குகிற மண்ணைப் பிளவாமல் பிடித்து நிறுத்துவது வைக்கோலின் நார். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி செய்கிற வேலைக்கு இது பாட்டன்! பொறியியற் கல்லூரியிலே இன்று கரும்பலகையில் எழுதிக் காட்டப்படும் கருத்தை, எழுத்தறிய விடாமல் வைக்கப்பட்டிருந்தவன் காலால் எழுதிக் காட்டினான்.

பிறகு சுவர். அடியிலே கல்லும் செம்பாறைத் துண்டுகளும் இட்டுத் தரையைவிடச் சற்று உயரமான அடித்தளம். அதன்மேல் மண் உருண்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றி அடுக்கி, அறைந்து, வழித்து, ஒன்றரை முழ உயரத்துக்கு ஒரு வரிசை. அதோடு நிறுத்த வேண்டும். அவசரம் கூடாது! கீழ் வரிசை காய்ந்து இறுகாமல் மேல் வரிசை வைத்தால், தன் பளுவாலேயே சுவர் பிதுங்கிச் சரியும். சில நாள் காய்ந்த பிறகு இரண்டாம் வரிசை, மேலும் சில நாள், மூன்றாம் வரிசை. ஆளின் உயரத்தைச் சற்றே தாண்டியதும் சுவர் நிற்கும். அகலமோ ஒரு முழத்துக்குக் குறையாது. ஆகவேதான் அந்த வேலை மழைக்காலம் போன பிறகு, அறுவடை முடிந்து ஆளும் வைக்கோலும் கிடைக்கும் நாட்களிலே தொடங்கும். பஞ்சாங்கம் பார்த்து அன்று, பருவம் பார்த்து!

மண் சுவருக்கு ஒரே பகை நீர். கீழிருந்து ஏறும் ஈரத்தைக் கல் அடித்தளம் தடுக்கும். மேலிருந்து கொட்டும் மழையைக் கூரை தடுக்க வேண்டும். அதனாலேதான் குடிசையின் இறவாணம் சுவரைத் தாண்டி நீண்டு, தாழ்ந்து, தரையை நோக்கிக் குனிந்து நிற்கிறது. அந்தத் தாழ்ந்த இறவாணத்தின் நிழலிலே பிறந்ததுதான் திண்ணை. சுவரின் அடிக்கு அதுவே கவசம், வழிப்போக்கனுக்கு அதுவே இருக்கை.

கூரையின் எலும்பு பனை. முற்றிய பனையின் புறவயிரம் கறையானுக்கு எளிதிலே இடங்கொடாது. அதைப் பிளந்து செதுக்கிய கைமரங்கள் முகட்டிலிருந்து இருபுறமும் இறங்கும். குறுக்கே வரிச்சுகள். அத்தனையும் பனைநாராலும் கயிற்றாலும் இழுத்துக் கட்டப்படும், ஆணி இல்லை. அதன்மேல் ஓலை வேய்வோன், இறவாணத்திலே தொடங்கி முகடு நோக்கி ஏறுகிறான். மேல் அடுக்கு கீழ் அடுக்கின் தலையை மூடும். துளி நீர் ஓலையிலிருந்து ஓலைக்கு வழுக்கி, வெளியே விழும். கூரையின் சரிவு குறைந்தால் நீர் நின்று உள்ளே இறங்கும். மிகுந்தால் ஓலையே சரியும். அந்தச் சரிவை அவன் கண்ணாலேயே அளந்தான்.

உள்ளே ஓர் அறை. மூலையில் அடுப்பு, சுவரிலே குடைந்த மாடத்தில் அகல், தானியம் வைக்க மண்ணால் செய்த குலுக்கை, தலைக்கு மேலே பரண். அடுப்புப் புகை ஓலையின் ஊடே மெல்லக் கசிந்து வெளியேறும். போகிற போக்கில் கூரையிலே பூச்சி அண்டாமலும் காக்கும். ஆனால், அந்தப் புகையை நாளெல்லாம் குடித்தவள் பெண் என்பதையும் மறக்கலாகாது. தரையை மெழுகியவள் அவள். சுவருக்குச் செம்மண் பூசியவள் அவள். மழை கரைத்துவிட்ட மூலையை மறுபடியும் அப்பியவள் அவள். ஆண் கட்டிய வீடு என்று ஊர் சொல்லும். அந்த வீட்டை ஆண்டுதோறும் மறுபடி மறுபடி கட்டியவள் பெண்! கூலி இல்லை, பெயரும் இல்லை.

சாணத்தால் மெழுகினார்களே, அது பசுவின் புனிதத்தாலா? புனிதம் பேசுவோர் பேசட்டும். சாணத்திலே இருப்பது, செரிக்காத புல்லின் நுண்ணிய நார். அது தரையின் மேற்பூச்சிலே வெடிப்பைக் குறைக்கிறது, புழுதி கிளம்பாமல் பிடித்து வைக்கிறது. எருமைச் சாணத்திலும் அதே நார்தான்! காரணம் விளங்கினால் கற்பனைக்கு வேலை இல்லை.

கத்திரி வெயிலிலே அந்த வீட்டுக்குள் நுழைந்தவர் அறிவர், அந்தக் குளிர்ச்சியை. தடித்த மண் சுவர் பகலின் வெப்பத்தை மெல்ல மெல்ல உறிஞ்சுகிறது. உட்புறம் அது வந்து சேரும்முன் பொழுது சாய்ந்துவிடுகிறது. ஓலைக் கூரையின் அடுக்குகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்று, சூரியனின் சூட்டைக் கீழே விடுவதில்லை. மின்விசிறி இல்லாத நூற்றாண்டுகளிலே இந்தச் சீமையின் கோடையைத் தமிழன் தாங்கியது இப்படித்தான்.

இத்தனை அறிவு திரண்ட கலையை, கோயில் கட்டிய கல்தச்சன் அறியாமலா இருந்தான்? அறிந்தான், அதைத்தான் கல்லிலே எழுதினான்! மாமல்லபுரம் செல்லுங்கள். கி.பி. 7-ஆம் நூற்றாண்டிலே பல்லவர் பாறையில் செதுக்கிய ஐந்து இரதங்களிலே, திரௌபதி இரதம் என்று வழங்குவதைப் பாருங்கள். அது தேரா? கோபுரமா? இல்லை. நான்கு பக்கமும் வளைந்து இறங்கும் கூரையோடு நிற்கும் ஒரு குடிசை! ஓலைக் குடிசையின் வடிவத்தைக் கற்பாறையிலே கண்டெடுத்தான் சிற்பி. அதற்கும் ஒன்பது நூற்றாண்டு முன்னர், மோரியர் காலத்திலே பீகாரின் பராபர் குன்றில் குடைந்த லோமச ரிஷிக் குகையின் வாயிலும், மரமும் கூரையும் கொண்ட குடிலின் முகப்பையே கல்லில் காட்டுகிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் மாவட்டத்து ஆவுடையார்கோயிலுக்கே வாருங்கள். அங்கே கொடுங்கை என்னும் கல் இறவாணத்தை அண்ணாந்து பார்ப்பவர் மயங்கிப்போவர். கல்லிலே கைமரங்கள், கல்லிலே குறுக்குச் சட்டங்கள், கல்லிலே ஆணியின் தலைகள்! ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக வேறு எதையும் செய்து தருவோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவர் என வழங்கும் பேச்சு, நாடறிந்தது. அந்த அருமைப்பாடெல்லாம் எதைப் போலச் செய்வதற்காக? மரக் கைகளைப் பரப்பிக் கூரை அமைத்த எளிய தச்சனின் வேலையைப் போலச் செய்வதற்காக! குடிசை ஆசான், கோயில் மாணவன். வரலாறு மாணவனுக்கு மாலை சூட்டிற்று. ஆசானை வாசலிலேயே நிறுத்திற்று. ஆம்! தங்கள் வீட்டின் வடிவம் கருவறையாய் உயர்ந்து நின்ற கோயிலுக்குள், ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவதற்குச் சட்டம் வழி திறந்தது, சென்னை மாகாணத்தில் 1939-இலும் 1947-இலுந்தான்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். செங்கல்லை அறிந்த நாட்டிலே, சுண்ணாம்பைக் குழைக்கத் தெரிந்த நாட்டிலே, உழைப்பவன் மட்டும் ஏன் மண் சுவரோடு நின்றான்? ஏழ்மை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஏழ்மைக்குக் காவலாக ஏடும் ஆணையும் நின்றனவே!

மனுவின் நூல், சண்டாளர் என்று அது இழித்துரைக்கும் மக்களின் இருப்பிடம் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. கி.பி. 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர், பிருகத் சம்கிதையிலே வீட்டின் அகலத்தை வருணத்துக்கு வருணம் அளந்து வைக்கிறார்: பார்ப்பனருக்கு 32 முழம், பிறகு படிக்கு நான்கு முழமாகக் குறைந்து, நான்காம் வருணத்தாருக்கு 20, அவர்க்கும் கீழே வைக்கப்பட்டோருக்கு 16. எத்தனை பேர் வாழும் குடும்பம் என்று கேட்கவில்லை. எந்தக் குலம் என்று கேட்டு முழக்கோலை நீட்டியது சாத்திரம்!

இவை வடமொழி ஏடுகள், தமிழ் மண்ணிலே நடந்தது வேறு என்று எவரேனும் கூறுவரேல், கல்வெட்டையும் செப்பேட்டையும் காட்டுவோம். பார்ப்பனருக்கும் கோயிலுக்கும் ஊர்களைக் கொடையளித்த பல்லவ, சோழச் செப்பேடுகள், அவ்வூர்களுக்குரிய சிறப்பு உரிமைகளை வரிசையாக எழுதுகின்றன. அவற்றுள் ஒன்று, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமை. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் இது உண்டு. உரிமை என்று செப்பேட்டில் பொறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், உரிமை எழுதப்படாதவன் நிலை என்ன? சிந்தித்துப் பாருங்கள்!

இன்னும் தெளிவான சான்று கரூர்க் கோயிலிலே உண்டு. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு தொடங்கும் அரசாணை அது. கொல்லும் தச்சும் கற்ற கம்மாளர்க்கு மன்னன் சில உரிமைகளை அருள்கிறான்: நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்! ஊராருக்கெல்லாம் மாளிகை கட்டிச் சாந்து பூசிப் பளபளக்க வைத்தவன், தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச மன்னனின் ஆணை வேண்டியிருந்தது. கட்டடக் கலை வல்லானுக்கே இந்தக் கதி என்றால், சேற்றிலே நின்று நாற்று நட்டவனின் கதியை எந்தக் கல்வெட்டு எழுதும்?

பழங்கதை என்று தள்ளுவதற்கும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலே தென் திருவிதாங்கூரில் நாடார் மக்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்ற தடைகளோடு, அவர்களின் வீடு ஒரு நிலைக்குமேல் உயரக்கூடாது என்ற தடையும் இருந்தது. புதுக்கோட்டையின் தெற்கு எல்லையை ஒட்டிய இராமநாதபுரம் மாவட்டத்திலே, 1930-களின் தொடக்கத்தில் ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்கச் சாதியார் விதித்த தடைகளை அட்டன் என்னும் ஆங்கில அதிகாரி தம் நூலிலே தொகுத்திருக்கிறார். மேலாடை கூடாது, பொன்னணி கூடாது, வீட்டிலே மண் பாண்டம் தவிர வேறு பாண்டம் கூடாது! மண்ணிலே வாழ்; மண்ணிலே உண்; மண்ணாகவே இரு! இதற்குப் பெயர் எளிமையா? எளிமை, ஒருவன் தானே விரும்பி மேற்கொள்வது. பிறன் விதித்தால் அது விலங்கு.

சுவரைவிடப் பெரிய விலங்கு ஒன்று சுவரின் அடியிலே இருந்தது. நிலம்! குடிசை அவனுடையது, குடிசை நின்ற மனை பண்ணையாருடையது. இன்று "போ" என்றால் நாளை போக வேண்டியவன், கல் அடித்தளமும் தேக்கு விட்டமும் போடுவானா? தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஓலையும், விட்டுவிட்டுப் போகக்கூடிய மண்ணும் அவனுக்குப் போதும் என்று ஆக்கப்பட்டது. கூலி கூட்டிக் கேட்டால் மனையைவிட்டு வெளியேற்றுவேன் என்ற மிரட்டலே ஆண்டையின் கையில் சாட்டையாய் இருந்தது. அந்தச் சாட்டையைப் பிடுங்க 1971-இல் தமிழ்நாட்டிலே சட்டம் வந்தது; உழவுத் தொழிலாளர் குடியிருந்த மனை அவர்க்கே உரிமை என்றாயிற்று. குடிசையின் வரலாற்றிலே அது ஒரு திருப்பம். மனைப்பட்டா என்ற ஒரு துண்டுத் தாள் கைக்கு வந்த பிறகுதான், செங்கல்லைப்பற்றி எண்ணிப்பார்க்கவும் அவனால் முடிந்தது.

இவ்வளவு கூறியதால், ஓலைக் கூரையைப் பொற்கூரை என்று நாம் பாடுவதாக எவரும் எண்ண வேண்டா. அந்தக் கூரைக்குக் கீழே நிகழ்ந்த கொடுமைகளை நாடு மறக்காது. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் சேரி சூறையாடப்பட்டது. உயிர் தப்ப ஒரு சிறு குடிசைக்குள் அடைந்துகொண்ட பெண்கள், குழந்தைகள், முதியோர் - 44 பேர் - குடிசையோடு கொளுத்தப்பட்டனர். ஓலை எளிதிலே பற்றும் என்பதைக் கொலைகாரர் அறிந்திருந்தனர். 2004 சூலை 16, கும்பகோணம். பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரையிலே பற்றிய தீ 94 குழந்தைகளைத் தின்றது. பிள்ளைகளின் முன்னே நாள்தோறும் நிற்கும் நம்மைப் போன்றோர்க்கு, அந்த எண் வெறும் எண் அன்று. 2018 நவம்பர் 16; கசா புயல். நம் மாவட்டத்திலேயே, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்த காற்று, குடிசைகளின் கூரைகளையும் அள்ளிச் சென்றது. ஓட்டு வீட்டாரும் மாடி வீட்டாரும் தோப்பை இழந்தனர். குடிசைவாசி இருந்த இடத்தையே இழந்தான்.

அப்படியானால் மண்ணும் ஓலையும் இழிந்தவையா? வெளிநாட்டைப் பார்ப்போம். இங்கிலாந்தின் டார்செட் வட்டாரத்திலே, குழைத்த மண்ணால் சுவர் எழுப்பி வைக்கோலால் கூரை வேய்ந்த ஒரு வீடு நிற்கிறது. 1800-இல் கட்டப்பட்டது, நாவலாசிரியர் தாமசு ஆர்டி 1840-இல் பிறந்த வீடு. 1948-இலே அந்நாட்டின் தேசிய அறக்கட்டளை அதை ஏற்றுக் காத்துவருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலே, செனே நகரத்துப் பெரிய மசூதி முழுவதும் மண்; 1907-இல் இன்றைய வடிவில் எழுந்தது. ஆண்டுதோறும் ஊரார் கூடித் திருவிழாப் போலச் சேறு பூசுகின்றனர். 1988-இல் அந்நகரம் உலக மரபுச் சின்னமாயிற்று. ஏமன் நாட்டின் சிபாம் நகரிலே, வெயிலில் காய்ந்த மண் கற்களால் கட்டிய வீடுகள் பல மாடி உயர்ந்து நிற்கின்றன. மண் உயரத் தெரியாதது அன்று. நம் நாட்டிலே மண் வீட்டானை உயரவிடவில்லை. வேறுபாடு மண்ணிலே இல்லை. மனிதனை மனிதன் நடத்திய முறையிலே இருக்கிறது.

தமிழ்நாட்டிலே குடிசையை மாற்றும் முயற்சிகள் பல நடந்தன. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 2010-இல், சிற்றூர்களின் 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் குறிக்கோளோடு கலைஞர் வீடு வழங்கும் திட்டம் தொடங்கிற்று. 2011-இல் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் 8 இலட்சம் வீடுகள் என்று இலக்கு வகுத்தது. வீடொன்றுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய், 360 சதுர அடி. தீப்பற்றாத கூரை, தன் பெயரிலே மனை, தலை நிமிர்ந்து நுழையும் வாசல் - இவை சலுகை அல்ல. நூற்றாண்டுக் கடனிலே ஒரு தவணை! இதை வரவேற்காதவன் குடிசையிலே ஒரு மழைக்கால இரவைக் கழிக்காதவனாகத்தான் இருப்பான்.

ஆயினும், கடனைத் தீர்க்கும்போது அறிவையும் சேர்த்துப் புதைத்துவிட வேண்டுமா? மெல்லிய சுவரும் தட்டையான கான்கிரீட் தளமும் கொண்ட சிறு வீடு, சித்திரை மாதத்திலே என்ன ஆகிறது? பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உமிழ்கிறது. மக்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வருகின்றனர். வீட்டுக்கு முன்னே மீண்டும் ஒரு கீற்றுப் பந்தல் முளைக்கிறது! இதைக் கண்டு, "பழக்கத்தை விடமாட்டார்கள்" என்று நகைப்பவர் உண்டு. நகைப்பதற்கு என்ன இருக்கிறது? வெப்பத்தை எப்படி வெல்வது என்பதை அறிந்த மக்கள், அதை அறியாத கட்டடத்துக்குப் பாடம் சொல்லுகிறார்கள்! நீண்ட இறவாணம், தடித்த சுவர், காற்று உலவும் கூரை, நிழல் தரும் திண்ணை - இவற்றைத் தீப்பற்றாத பொருளிலே, புயலுக்கு அசையாத கட்டிலே செய்ய முடியாதா? கல்லிலே கைமரம் செய்த நாட்டிலே, அது முடியாத வேலை ஆகாது. நம் பொறியாளர்கள் முகடு ஏறி ஓலை வேய்ந்த முதியவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

பேச வேண்டிய காலமும் குறுகிக்கொண்டிருக்கிறது. மண் மிதித்த கால்கள் முதுமையுற்றன. பனை வெட்டுண்டு குறைந்தது. இன்னும் சில ஆண்டுகளில், ஒரு மண் சுவர் எத்தனை நாள் காய வேண்டும் என்று கேட்டால் சொல்ல ஆள் இராது. அப்போது அந்தக் கலை அழிந்தது என்பதற்குக் கல்வெட்டுக்கூட இராது.

எனவே, இளைஞர்களே! ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்திருக்கிறீர்கள். எழுதுகோலும் ஏடும் வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஊரிலே எஞ்சி நிற்கும் மண் வீட்டை அளந்து எழுதுங்கள். எந்தக் குளத்து மண், எந்தப் பருவம், எத்தனை வரிசை, எந்த நார் என்று கேட்டு எழுதுங்கள். கட்டியவனின் பெயரை எழுதுங்கள். மெழுகியவளின் பெயரையும் எழுதுங்கள். அந்த மனைக்குப் பட்டா எந்த ஆண்டிலே வந்தது, வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். பிறகு அந்தக் குடும்பத்துக்குப் பட்டாவும் நல்ல வீடும் கிடைக்கும்வரை, எழுதிய ஏட்டை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தின் படியேறுங்கள். மன்னர்களுக்கு மெய்க்கீர்த்தி எழுத ஆயிரம் புலவர் இருந்தனர். மண் சுவருக்கு மெய்க்கீர்த்தி எழுத நாம் இருக்கிறோம் என்று காட்டுவோம்!